மிட்ரேஞ்ச் டெக்கைத் தமிழில் என்னவென்று சொல்வது?

மேஜிக்: த கேதரிங் என்ற சீட்டு விளையாட்டை ஆடத் தொடங்கிய யாரும் முதல் மாதத்திலேயே கேட்டுவிடுகிற சொல் மிட்ரேஞ்ச். "வேகமாக அடித்து முடிக்கிற இது அக்ரோ, பொறுமையாகத் தடுத்து ஆட்டத்தை நீட்டுகிற அது கண்ட்ரோல், ரெண்டுக்கும் நடுவில் இருப்பது மிட்ரேஞ்ச்" என்று யாராவது சொல்லித் தருவார்கள். நாமும் தலையாட்டிவிட்டு, ஓ, நடுத்தரமான டெக் போலிருக்கிறது என்று மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொள்வோம். தப்பு அங்கேதான் தொடங்குகிறது. அந்த மொழிபெயர்ப்பை நம்பி டெக் கட்டுபவர் பாதி வேகச் சீட்டு, பாதி மெதுவான சீட்டு என்று கலந்து போடுவார், அப்புறம் வேகக்காரரைத் தடுக்கவும் முடியாமல், பொறுமைக்காரரை முந்தவும் முடியாமல் இரண்டு பக்கமும் தோற்பார். நானே அப்படி ஒரு டெக்கை மாதக்கணக்கில் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். அதனால்தான் இந்தச் சொல்லை உட்கார்ந்து பிரித்துப் பார்க்கத் தோன்றியது.

முதலில் டெக். இதற்குப் புதுச்சொல் தேட வேண்டாம், சீட்டுக்கட்டு என்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆங்கில டெக் இடைக்கால டச்சு மொழியிலிருந்து வந்தது, அங்கே அதற்கு மூடுவது, கூரை என்று பொருள்; கப்பலின் மேல்தளத்துக்கு டெக் என்று பேர் வந்ததும் அந்த வழியில்தான். சீட்டுக்கட்டைக் குறிக்க 16ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே அது ஆங்கிலத்தில் உண்டு. பின்னாளில் இங்கிலாந்தில் பேக் என்ற சொல் நிலைத்துவிட, அமெரிக்கர்கள் டெக்கையே பிடித்துக்கொண்டார்கள். மேஜிக்கை ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கி, விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் 1993இல் அமெரிக்காவில் வெளியிட்டதால் உலகம் முழுக்க டெக் என்றே பரவிவிட்டது. (நம் வீட்டுச் சீட்டாட்டத்திலும் டச்சு வாடை உண்டு. கிளாவர் என்கிறோமே, டச்சுக்காரர்களும் அந்தச் சீட்டை அப்படித்தான் சொல்கிறார்கள்.)

என்னைக் கேட்டால் இந்த விளையாட்டுக்கு டெக்கைவிடக் கட்டு என்பதே பொருத்தம். ரம்மிக்கான 52 சீட்டும் அச்சடித்தே வருகின்றன, அதில் நாம் கட்டுவதற்கு எதுவும் இல்லை. மேஜிக்கின் வழக்கமான ஆட்டத்தில் குறைந்தது 60 சீட்டு வேண்டும், அடிப்படை நிலங்களை (ஆற்றல் தரும் சீட்டுகள்) தவிர எந்தச் சீட்டும் நான்குக்கு மேல் கூடாது, மற்றபடி எதை எடுப்பது எதை விடுவது என்பது முழுக்க நம் கையில். வீடு கட்டுவது, கவிதை கட்டுவது, பூ கட்டுவது என்று வினையாக வருகிற அதே சொல் இங்கே பெயராகவும் நிற்கிறது. மூடிக்கிடப்பதைச் சொல்கிற டெக்கில் இந்த வேலையின் சாயல் இல்லை.

இப்போது ரேஞ்ச். பழைய பிரெஞ்சில் வரிசை என்ற பொருளில் இருந்த சொல், ஆங்கிலத்தில் வீச்சு, எல்லை, தொலைவு என்றெல்லாம் விரிந்தது. மிட் சேர்ந்தவுடன் பல ஊர்களுக்குக் குடிபோய்விட்டது: ஏவுகணைக்கு நடுத்தரத் தொலைவு, ஸ்பீக்கரில் நடு அலைவரிசை, போன் கடையில் நடுத்தர விலை. நமக்கு அதிகம் பழகியது போன் கடைப் பொருள்தான், அதனால்தான் 'அவ்வளவு மோசமும் இல்லை, அவ்வளவு ஒசத்தியும் இல்லை' என்ற நிறம் இந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டது.

மேஜிக்கில் ரேஞ்ச் என்பது காலம். எப்படி என்றால், ஒரு டர்னுக்கு, அதாவது நம் முறை ஒருதடவை வரும்போது, பொதுவாக ஒரு நிலம்தான் இறக்கலாம், மற்ற சீட்டுகளை இறக்க விலையாகக் கொடுக்கும் மானாவைப் பெரும்பாலும் நிலம்தான் தரும் (மானா பசிபிக் தீவு மொழிகளின் சொல், மறைவான ஆற்றல் என்று பொருள்), ஆக மூன்று மானா சீட்டு என்றால் பொதுவாக மூன்றாவது டர்ன் சீட்டு. விலையைச் சொன்னாலே நேரத்தைச் சொன்னதாகிவிடுகிறது. அக்ரோவுக்கு முதல் மூன்று டர்ன்தான் உயிர். கண்ட்ரோலுக்கு ஆட்டம் நீண்டால் போதும். மிட்ரேஞ்சோ தொடக்கத்தில் தாக்குப்பிடித்து, மூன்றிலிருந்து ஆறாவது டர்ன் வரை தன்னைவிட பலசாலி யாரும் இல்லாதபடி நின்று, அதற்குள் ஆட்டத்தை முடித்துவிடப் பார்க்கும்.

இந்தப் பொருளை வைத்துக்கொண்டு தமிழ்ச்சொற்களை உரசிப் பார்க்கலாம். நடுத்தரக் கட்டு வேண்டாம், தரம் பற்றிய பேச்சாகிவிடும். இடைநிலைக் கட்டு என்றால் இடைநிலை ஆசிரியர் ஞாபகம் வருகிறது, கற்றுக்கொள்பவருக்கும் கைதேர்ந்தவருக்கும் இடையிலானவர் ஆடுகிற கட்டு என்று நினைத்துவிடுவார்கள். நடுவீச்சு என்பது சொல்லுக்குச் சொல் சரி, ஆனால் வீச்சு எதில் என்று சொல்லவில்லை. சதுரங்கத்தில் நடு ஆட்டம் என்று ஏற்கெனவே சொல்கிறோம், தொடக்கம் முடிந்து இறுதி வருவதற்கு முன்னால் உள்ள பகுதி. அதையே எடுத்து நடுவாட்டக் கட்டு என்று வைத்தால் காலம் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. நான் இதைத்தான் பயன்படுத்துகிறேன்.

இந்த வகையின் பழைய பேர்பெற்ற கட்டு 1999 வாக்கில் சால் மால்கா உருவாக்கிய கருப்பு-பச்சைக் கட்டு. ஃபிரெக்சியன் பிளேக்லார்ட் என்ற பெரிய உயிரி ஒன்று, கூட நான்கு அணில்களை அழைத்துவரும் டிரேஞ்ச்ட் ஹெர்மிட். அப்போது மல்யுத்த மேடையில் த ராக் தன் ரசிகர்களை 'மில்லியன்கள், மில்லியன்கள்' என்று முழங்கிக்கொண்டிருந்த காலம். அந்தப் பெரிய உயிரி ராக், அணில்கள் அவருடைய மில்லியன்கள், ஆக கட்டுக்குப் பேர் 'த ராக் அண்ட் ஹிஸ் மில்லியன்ஸ்'. பிறகு கருப்பு-பச்சை நடுவாட்டக் கட்டு எல்லாவற்றுக்குமே ராக் என்ற பேர் தங்கிவிட்டது.

அடுத்து ஜண்ட். 2008இல் வந்த ஷார்ட்ஸ் ஆஃப் அலாரா என்ற சீட்டுத் தொகுப்பில் கருப்பு, சிவப்பு, பச்சை சேர்ந்த ஒரு நிலப்பரப்பின் பெயர் அது. இன்று அந்த மூன்று நிறக் கூட்டணியையே ஜண்ட் என்கிறார்கள். நடுவாட்டக் கட்டு எப்படிக் கட்டுவது என்று யார் கேட்டாலும் மாடர்ன் வடிவத்தின் (எந்தச் சீட்டுகளை ஆடலாம் என்று வகுத்த போட்டி வகைகளில் ஒன்று) ஜண்டைத்தான் காட்டுவேன். 60இல் ஏறக்குறைய 24 நிலம், ஏனென்றால் நான்காவது டர்னில் நான்காவது நிலம் இறங்கியே ஆக வேண்டும். ஒரு மானாவுக்கு தாட்சீஸ்: எதிராளியின் கையைப் பார்த்து, நிலமல்லாத ஒரு சீட்டைக் கழற்ற வைக்கலாம், பதிலுக்கு நம் உயிர்ப்புள்ளியில் இரண்டு போகும். ஒரு மானாவுக்கு மூன்று அடி கொடுக்கும் லைட்னிங் போல்ட். இரண்டுக்கு டார்மோகாய்ஃப், கழிவுக் குவியலில் எத்தனை வகைச் சீட்டு சேர்கிறதோ அவ்வளவு வளரும். மூன்றுக்கு லிலியானா ஆஃப் த வெயில், எதிராளியின் கைச்சீட்டையும் உயிரியையும் இழக்க வைப்பது. நான்குக்கு பிளட்பிரெய்ட் எல்ஃப், இறங்கிய டர்னிலேயே அடிக்கும், கூடவே கட்டின் மேலிருந்து தன்னைவிட விலை குறைந்த ஒரு சீட்டை இலவசமாக இழுத்துவரும். அந்த எல்ஃபின் பலம் அளவு மீறியதால் 2013 ஜனவரியில் மாடர்னில் தடைசெய்து, 2018இல்தான் திரும்ப விட்டார்கள்.

இதில் ஒரு சீட்டும் மற்றதை நம்பி இல்லை என்பதைக் கவனியுங்கள். காம்போக் கட்டில் இரண்டு சீட்டு சேர்ந்தால்தான் வேலை நடக்கும், இங்கே ஒவ்வொன்றும் தனியாக நின்றே தன் விலைக்கு மேல் சம்பாதிக்கும். 2014இல் வந்த சீஜ் ரைனோ இதற்கு அழகான உதாரணம்: நான்கு மானா, 4/5 உடம்பு (அடிப்பது நான்கு, தாங்குவது ஐந்து), வந்தவுடன் எதிராளிக்கு மூன்று குறைந்து நமக்கு மூன்று ஏறும். தோற்றுக்கொண்டிருந்தால் சுவர், ஜெயித்துக்கொண்டிருந்தால் சம்மட்டி. ஒரு சீட்டைச் சேர்க்கலாமா என்று யோசிக்கும்போது இந்த இரண்டு நிலையிலும் அது உதவுமா என்று கேட்டுப்பாருங்கள். ஒன்றில் மட்டும் உதவினால் அதன் இடம், ஆட்டங்களுக்கு நடுவே மாற்றிக்கொள்ள ஒதுக்கி வைக்கும் 15 சீட்டு சைடுபோர்டில்.

ஆடுவதுதான் கட்டுவதைவிடக் கஷ்டம். மைக் ஃப்ளோரஸ் 1999இல் எழுதிய ஒரு கட்டுரை இன்றும் இந்த விளையாட்டில் எல்லோரும் சொல்லிக்கொடுக்கிற பாடம்: ஒவ்வொரு ஆட்டத்திலும் அடிப்பவர் ஒருவர், தடுப்பவர் ஒருவர், நாம் யார் என்று தப்பாக நினைத்தால் தோற்றோம். மற்றவர்களுக்கு இந்தக் கேள்வியின் பதில் பெரும்பாலும் கட்டிலேயே எழுதியிருக்கிறது. நடுவாட்டக்காரருக்கு ஒவ்வொரு எதிராளிக்கும் பதில் மாறும். எதிரில் சிவப்பு வேகக் கட்டு என்றால் டார்மோகாய்ஃப் வாசலில் நிற்கும் காவல்காரன், தாட்சீஸுக்கு நம் உயிரையே விலையாகக் கொடுப்பதால் இரண்டாவது ஆட்டத்தில் அதை எடுத்துவிடுவது நல்லது. எதிரில் நீலக் கண்ட்ரோல் என்றால் முதல் டர்னில் அதே தாட்சீஸால் வழியைத் திறந்து, இரண்டாவது டர்னில் அதே டார்மோகாய்ஃபை இறக்கி, அவர் மூச்சுவிடுவதற்குள் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சரி, இது தோற்பது யாரிடம்? நடுவாட்டத்தையே தாண்டிக் குதிப்பவர்களிடம். ட்ரான் கட்டு மூன்று உர்சா நிலங்களைச் சேர்த்து மூன்றாவது டர்னிலேயே ஏழு மானா எடுத்துவிடும். நாம் மூன்று மானாவுக்கு லிலியானா இறக்கும் நேரத்தில் அவர் ஏழு மானாவுக்கு கார்ன் என்ற பெரிய சீட்டை இறக்குவார். ஜண்ட் ஆடியவர்கள் இதற்காகவே நிலத்தை உடைக்கும் ஃபுல்மினேட்டர் மேஜ் என்ற சீட்டை சைடுபோர்டில் வைத்திருந்தார்கள். மூன்று நிலத்தில் ஒன்றை உடைத்தாலும் அவர் மறுபடி நடுவாட்டத்துக்குள் வந்து நம்மோடு ஆட வேண்டியிருக்கும், அந்த இடைவெளியில் டார்மோகாய்ஃப் அடித்து முடித்துவிடும்.