பாடகர் வருவதற்கு முன் ஒலிக்கும் இசை

கோவை கொடிசியா மைதானத்தில் நடக்கும் பெரிய இசை நிகழ்ச்சிகளில், விளக்குகள் அணைந்த பின்பும் பாடகர் உடனே மேடைக்கு வருவதில்லை. அதற்கு முன், பதிவு செய்யப்பட்ட ஓர் இசைத்துண்டு முன்னிசையாக எழுகிறது. ராக் உலகில் இது பழைய வழக்கம். மெட்டாலிகா குழு 1983 முதல், என்னியோ மோரிகோனே 1966ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்றுக்கு அமைத்த இசையை ஒலிக்கவிட்ட பிறகே வாசிக்கத் தொடங்குகிறது. எல்விஸ் பிரெஸ்லி 1970களில், ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 1896இல் இயற்றிய படைப்பொன்றின் தொடக்கத்தைப் பயன்படுத்தினார்.

ஸ்ட்ராஸின் அந்தத் தொடக்கம் ஏறத்தாழ 33 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 33 அதிர்வுகள்) அதிர்வெண் கொண்ட ஒற்றை அடிச்சுரத்தில் நிற்கிறது. அதன் அலைநீளம் சுமார் 10 மீட்டர். இரு காதுகளுக்கிடையே உள்ள தூரம் அதற்கு முன் மிகச் சிறிது என்பதால், ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பது எளிதில் புலப்படாமல் எங்கும் நிறைந்திருப்பதாகத் தோன்றுகிறது. கோயில் நோன்பில் பெருமுரசுகள் முழங்கும் துடும்பாட்டம் நெருங்கும்போது நெஞ்சுக்கூடு அதிர்வதை உணர்ந்த கொங்கு நாட்டார்க்கு, தாழ்ந்த ஒலியை உடலும் கேட்கிறது என்பதை விளக்கத் தேவையில்லை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மின்னணு இசை நிகழ்ச்சி ஒன்றில் 8 முதல் 37 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை இடையிடையே சேர்த்தும் நிறுத்தியும் பார்த்தனர். அது ஒலித்தபோது மக்களின் அசைவு ஏறத்தாழ 12 விழுக்காடு கூடியதாக 2022இல் வெளியிட்டனர். அந்த ஒலியைக் கேட்டதாக அம்மக்கள் உணரவில்லை என்பதே இதில் வியப்பு.

உடலின் பங்கு இவ்வளவே. மற்றது எதிர்பார்ப்பின் வேலை. மெக்கில் பல்கலைக்கழகத்தில் நடந்து 2011இல் வெளியான ஆய்வு, தமக்குப் பிடித்த பாடலின் உச்சம் வருவதற்குச் சற்று முன்பே கேட்பவரின் மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரப்பதையும், உச்சத்தின்போது வேறொரு பகுதியில் அது சுரப்பதையும் காட்டியது. இதனால்தான் ரசிகர்களுக்கு முன்பே பழகிய முன்னிசை, அடுத்து வருவது என்னவென்று அவர்கள் அறிந்திருந்தும், அல்லது அறிந்திருப்பதாலேயே, மயிர்க்கூச்செறிய வைக்கிறது என்று கருதலாம்.

முன்னிசை மெல்லத் தொடங்கி உயர வேண்டுமானால், அதற்கு முன் ஓரளவு அமைதி இருந்தாக வேண்டும். நெடுநேரம் உரத்த ஒலியைக் கேட்ட காது தற்காலிகமாகக் கூர்மை இழப்பதால், மாலை முழுவதும் முழு ஒலியளவில் திரைப்பாடல்களை ஓடவிட்ட மைதானத்தில் முன்னிசைக்கு ஏற இடமே இருப்பதில்லை. அதைவிடப் பெரிய கேடு, என் பார்வையில், முன்னிசை உச்சத்தைத் தொட்ட கணத்தில் தொகுப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்து விளம்பரதாரர் ஒவ்வொருவருக்கும் நன்றி கூறத் தொடங்குவதுதான்.