பிக்கப்பா, மூன்று டன் லோரியா? டீசல் உதவி, வண்டி உரிமைப் பத்திரமான கிரானைப் பார்த்துத்தான் வரும்

பேராக்கின் சுங்கை சிப்புட்டில் செம்பனை வைத்திருப்பவர்கள் நாலு பேர் தேத்தண்ணிக்கு உட்கார்ந்தால், பேச்சு கடைசியில் வண்டியில் வந்து நிற்கும். ஹைலக்ஸ் பிக்கப் போதுமா, மூன்று டன் லோரி எடுத்துவிடலாமா?

முதலில் சுமையைக் கணக்குப் போடுங்கள். பிக்கப் தாங்குவது ஏறக்குறைய ஒரு டன். குலை 20 கிலோ என்றால் 50 குலைதான். மூன்று ஏக்கர்காரருக்கு ஒரு வெட்டுக்கு ஒரே நடையில் முடிந்துவிடும். பத்து ஏக்கர் என்றால் நல்ல காய்ப்பில் மூன்று டன் வரும். ஆலைக்கு மூன்று நடை, மூன்று முறை வரிசை. அவருக்கு லோரிதான் சரி.

அடுத்தது லைசென்ஸ். லோரியின் பக்கத்தில் இரண்டு எடைகளை எழுதியிருப்பார்கள். BTM, BDM என்ற அந்த மலாய்ச் சுருக்கங்கள் தமிழில் எழுதினால் இரண்டும் 'பிடிஎம்' என்றே வருவதால் காலி எடை, மொத்த எடை என்றே சொல்கிறேன். டி லைசென்ஸுக்குப் பார்ப்பது காலி எடையை. அது 3,500 கிலோவைத் தாண்டக்கூடாது. மூன்று டன் லோரிகள் பலவும் அதற்குள் வந்துவிடும். ஆனால் பக்கத்துத் தோட்டத்துக் குலையைக் கூலிக்கு ஏற்றினால் லோரி ஓட்டுபவரிடம் ஜிடிஎல் என்ற சரக்கு வண்டி லைசென்ஸ் இருக்க வேண்டும், வயதும் 21 ஆகியிருக்க வேண்டும். வணிகச் சரக்கு வண்டி என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனையும் உண்டு. சொந்த உபயோக பிக்கப்புக்கு இந்த அலைச்சல் கிடையாது.

இனி டீசல். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். 2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியது. அதை ஈடுகட்ட வந்ததுதான் புடி மடானி என்ற அரசு உதவித்தொகை; தொடங்கியபோது மாதம் 200 வெள்ளி. தனிநபர் பிரிவில் இதைப் பெற நீங்கள் குடிமகனாக இருக்க வேண்டும், டீசல் வண்டி உங்கள் பெயரில் இருக்க வேண்டும், ரோட் டெக்ஸ் உயிரோடு இருக்க வேண்டும். கணவன் மனைவி இருவரின் வருமானமும் சேர்ந்து ஆண்டுக்கு 100,000 வெள்ளிக்குள் இருக்க வேண்டும். பத்து வயதுக்குக் குறைந்த சொகுசு வண்டிக்குக் கிடையாது. செம்பனை, ரப்பர் சிறு தோட்டக்காரர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது.

லோரிக்கு வழி வேறு. எஸ்கேடிஎஸ் 2.0 என்ற திட்டத்தில், பட்டியலில் உள்ள வகை சரக்கு வண்டி வைத்திருக்கும் நிறுவனங்கள் உள்நாட்டு வாணிப அமைச்சிடம் விண்ணப்பித்து, ஃப்லீட் கார்டில் (நிறுவன வண்டிகளுக்கு எண்ணெய் ஊற்றும் அட்டை) 2.15 வெள்ளிக்கே டீசல் ஊற்றலாம்.

எது லாபம்? விலை ஏறிய அன்றைய வித்தியாசம் லிட்டருக்கு 1.20 வெள்ளி. 200 வெள்ளியை அதால் வகுத்தால் ஏறக்குறைய 167 லிட்டர். மாதம் அதற்குள் ஊற்றுகிறவருக்குக் கையில் வரும் பணமே மேல். அதைத் தாண்டினால் கார்டு. விலை வாராவாரம் மாறுவதால் இந்தக் கணக்கை அவ்வப்போது போட்டுப் பாருங்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர், வரி குறையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு பிக்கப்பைக் கம்பெனி பெயரில் எடுத்தார். தனிநபர் பிரிவில் பெயர் வரவில்லை. கிரானை நீட்டியபோதுதான் அவருக்கே புரிந்தது: மாதம் 200 வெள்ளி போச்சு. வண்டி வாங்கக் கையெழுத்துப் போடும் முன்பே கிரானில் யார் பெயர் ஏறப்போகிறது என்று விற்பனையாளரிடம் கேட்டுவிடுங்கள். பிறகு மாற்றலாம்தான், அதற்கும் ஒரு பரிசோதனை, ஒரு நாள் வேலை கெடும்.