டெல்லியில் டீசல் கார்: பி.யூ.சி. இருந்தால் மட்டும் போதாது

மயூர் விஹாரோ, ஜனக்புரியோ, ஆர்.கே. புரமோ, டீசல் கார் வைத்திருக்கும் நம் டெல்லித் தமிழர்கள் காற்று மாசு கூடும் நவம்பர் பிறந்ததும் கேட்பது ஒன்றுதான்: பி.யூ.சி. என்ற புகைச் சோதனைச் சான்றிதழ் கையில் இருக்கிறதே, அப்புறம் ஏன் சலான் போட்டு அபராதம்? காரணம், டெல்லியில் டீசல் வண்டியை மூன்று விதிகள் தனித்தனியாகப் பார்க்கின்றன. வண்டி எந்த பி.எஸ். நிலை (பாரத் ஸ்டேஜ் என்ற புகை வரம்புத் தரம்), வயது என்ன, பி.யூ.சி. நடப்பில் இருக்கிறதா. ஒன்று சரியாக இருப்பதால் இன்னொன்றில் விட்டுவிட மாட்டார்கள்.

முதலில் வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். எமிஷன் நார்ம்ஸ் என்ற இடத்தில் பி.எஸ்.4 அல்லது பி.எஸ்.6 என்று இருக்கும். முன் கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கர் டீசலுக்கு ஆரஞ்சு நிறம், பி.எஸ்.6 என்றால் அதன் மேல் ஓரத்தில் பச்சைப் பட்டை. காற்றின் தரக் குறியீடு 400-ஐத் தாண்டி, கிராப் என்ற மாசுத் தடுப்புத் திட்டத்தின் மூன்றாம் கட்டம் அறிவிக்கப்பட்டால் பி.எஸ்.4 டீசல் கார்களும் பி.எஸ்.3 பெட்ரோல் கார்களும் டெல்லியில் மட்டுமல்ல, குருகிராம், ஃபரிதாபாத், காஜியாபாத், நொய்டா இருக்கும் கௌதம் புத்த நகர் மாவட்டத்திலும் ஓடக் கூடாது. மீறினால் 20,000 ரூபாய் அபராதம். மாற்றுத்திறனாளிகளுக்காக மாற்றி அமைக்கப்பட்டு அவர்களே சொந்தத் தேவைக்கு ஓட்டும் வண்டிகளுக்கு விலக்கு உண்டு. அந்த நாட்களில் போன வாரம் எடுத்த பி.யூ.சி.யைக் காட்டினாலும் பயனில்லை, பார்ப்பது பி.எஸ். நிலையைத்தான்.

வயது விஷயம் பலமுறை மாறியதால் குழப்பம் அதிகம். பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி டெல்லியிலும் சுற்றுப்பகுதியிலும் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் சொன்னது, உச்ச நீதிமன்றம் 2018-இல் அதை உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் அதே நீதிமன்றம், வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்றது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பி.எஸ்.4-க்கும் அதற்குப் பிந்தைய வண்டிகளுக்கும் மட்டுமே என்று திருத்தியது. ஆக பி.எஸ்.3 டீசல் வைத்திருப்பவர்களுக்கு அந்த நிழல் இப்போது இல்லை.

பி.யூ.சி. இல்லாமல் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இன்படி 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மூன்று மாதம் லைசென்ஸும் போகும். ஆனால் அந்தச் சோதனையில் என்ன பார்க்கிறார்கள் என்று பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. டீசல் வண்டியை நியூட்ரலில் வைத்து ஆக்சிலரேட்டரை ஒரேயடியாக மிதித்து, சைலன்சரில் செருகிய குழாய் வழியாகப் புகை எவ்வளவு அடர்த்தி என்று மட்டும் அளக்கிறார்கள். பி.எஸ்.4 வண்டிக்கு வரம்பு 1.62, அதற்கு முந்தியவற்றுக்கு 2.45. கண்ணுக்குத் தெரியாத, நுரையீரலை எரிக்கும் நைட்ரஜன் ஆக்சைடு இந்தச் சோதனையில் அளக்கப்படுவதே இல்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ்.6 வந்தபோது, டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு விடக்கூடிய நைட்ரஜன் ஆக்சைடு 250 மில்லிகிராமிலிருந்து 80 ஆனது, கரித்துகள் 25-இலிருந்து 4.5 ஆனது. இவ்வளவு குறைக்க இஞ்சினோடு சேர்த்துப் புகை போகும் பாதை முழுவதையும் கணினி கவனிக்க வேண்டியிருக்கிறது. இ.ஜி.ஆர். வால்வு புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இஞ்சினுக்குள் அனுப்பி, எரியும் சூட்டைக் குறைத்து, நைட்ரஜன் ஆக்சைடு உருவாவதையே குறைக்கிறது. டி.பி.எஃப். என்ற வடிகட்டி கரியைப் பிடித்து வைக்கிறது. அதன் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை சென்சார் சொல்ல, நிரம்பிவிட்டது என்று இஞ்சின் கணினியான ஈ.சி.யூ. முடிவு செய்ததும் கொஞ்சம் கூடுதல் டீசலைச் செலுத்தி வடிகட்டியைச் சுமார் 600 டிகிரிக்குச் சூடாக்கி கரியை எரித்துவிடுகிறது. லாரிகளிலும் பல பெரிய கார்களிலும் யூரியாக் கரைசலைப் பீய்ச்சி நைட்ரஜன் ஆக்சைடை உடைக்கும் அமைப்பும் உண்டு. அந்தக் கரைசல் தீர்ந்தபின் எச்சரிக்கையைக் கண்டுகொள்ளாமல் விட்டால் வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாமலே போகலாம், அதில் தண்ணீர் கலப்பதும் வேண்டாம்.

நம் ஊர் நெரிசல்தான் இதற்கு எதிரி. ஆசிரம் சௌக்கிலும் ஐ.டி.ஓ.விலும் ஊர்ந்து போகும் வண்டி, குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு உடனே அணைக்கப்படும் வண்டி, வடிகட்டியை எரிக்கும் சூட்டுக்கே வருவதில்லை. டி.பி.எஃப். விளக்கு எரிந்தால் பயப்பட வேண்டாம், நொய்டா எக்ஸ்பிரஸ்வே மாதிரி ஒரு சாலையில் கார் கையேடு சொல்லும் வேகத்தில், பெரும்பாலும் 60-க்கு மேல், பதினைந்து இருபது நிமிடம் சீராக ஓட்டினால் போதும். வேலை நடக்கும்போது ஐடிலிங் சற்று உயரும், ஃபேன் சத்தம் கேட்கும், அப்போது இஞ்சினை அணைக்காதீர்கள். விளக்கு மின்னத் தொடங்கி செக் இஞ்சினும் சேர்ந்து எரிந்தால் தாமதிக்காமல் சர்வீஸ் சென்டருக்குப் போய்விடுங்கள், கருவியை மாட்டி அவர்களே எரித்துத் தர முடியும்.

இந்த இடத்தில்தான் மெக்கானிக் ஒருவர் "நிகல்வா தோ", அதாவது கழற்றிவிடுங்கள் என்பார். வடிகட்டியை உடைத்தெடுத்து, சென்சார்கள் புகார் சொல்லாதபடி மென்பொருளை மாற்றித் தருகிறேன், பல ஆயிரம் மிச்சம், பிக்கப்பும் கூடும் என்பார். இ.ஜி.ஆர்.-ஐத் தகடு வைத்து அடைப்பதும் இதே வகைதான். அடைத்தபின் பி.யூ.சி. சுலபமாக பாஸ் ஆகிவிடும், ஏனென்றால் அதனால் அதிகமாகும் நைட்ரஜன் ஆக்சைடை அங்கே யாரும் அளப்பதில்லை. அதை நம்பி ஏமாறாதீர்கள். கம்பெனி கொடுத்த வடிவத்தை இப்படி மாற்றுவதைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது, 182ஏ(4)-இன்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அதுவும் வண்டியின் உரிமையாளருக்கு. ஜனவரி காலையில் அந்தப் புகைக்குப் பின்னால் பள்ளிக்கு நடந்து போவது நம் பிள்ளைகள்தான் என்பதால், சட்டம் இல்லையென்றாலும் நான் இதை வேண்டாம் என்றே சொல்வேன்.

மாறாக, வாரண்டிப் புத்தகத்தில் எமிஷன் வாரண்டி என்ற பக்கத்தைத் தேடுங்கள், பல கம்பெனிகள் எந்தெந்தப் பாகம், எத்தனை வருடம் என்று பட்டியலே போட்டிருக்கும். சர்வீஸ் பில்கள் முழுசாக இருக்க வேண்டும், ஆயில் கையேட்டில் சொன்ன கிரேடாக இருக்க வேண்டும், வெளியே எதையும் கழற்றியிருக்கக் கூடாது. பாகத்துக்குப் பணம் கேட்டால், வாரண்டியில் ஏன் வராது என்பதை ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில் உள்ள சொந்த ஊருக்கே வண்டியைக் கொண்டுபோய்விட நினைப்பவர்கள் பழைய சலான்களைக் கட்டி முடித்து, இன்சூரன்ஸும் பி.யூ.சி.யும் நடப்பில் வைத்துக்கொண்டு, படிவம் 28-இல் என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். கார் கடன் இருந்தால் வங்கியின் சம்மதமும் தேவைப்படும். டெல்லி நம்பரிலேயே தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது, அங்கே சாலை வரி கட்டிப் புது நம்பர் வாங்கியாக வேண்டும். வண்டியின் வயதைப் பொறுத்து அந்த வரி எவ்வளவு வரும் என்று ஊரில் உள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிட்டு லாரியில் ஏற்றுங்கள்.