நீல எனாமலுக்கு அடியில் இருக்கும் வெள்ளி

1920-களில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பட்டறைகளில் நீல எனாமல் பூசிச் செய்த ஒப்பனை மேசை செட் ஒன்று கையில் கிடைத்தால், முதலில் தலைப்பிரஷ்ஷைத் திருப்பி முதுகுப்பக்கத்தைப் பாருங்கள். நீல எனாமலுக்குள் கதிர்கள் விரிந்திருக்கும். லேசாகச் சாய்த்தால் அவை நகரும். எனாமலில் யாரும் எதையும் வரையவில்லை. அசைவதெல்லாம் அடியில் உள்ள வெள்ளியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்.

பிரஷ், சீப்பு, கைக்கண்ணாடி, பவுடர் டப்பா என எல்லாமே கனத்த வெள்ளி என்று நினைத்து வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள். பெரும்பாலும் அச்சில் அழுத்திய மெல்லிய தகடுதான். நம் ஊர் நகைக்குள் அரக்கு அடைப்பதுபோல, கைப்பிடிக்குள் வேறு பொருளை நிரப்பியிருப்பார்கள். தகடு 92.5 சதவீத ஸ்டெர்லிங் வெள்ளி. நடக்கும் சிங்கமும் நங்கூரமும் முத்திரையாக இருந்தால், பர்மிங்ஹாமில் தரம் பார்த்த வெள்ளி என்று அர்த்தம்.

அந்தத் தகட்டில் கோலம் போடுவது ஒரு கடைசல் இயந்திரம். அதிலுள்ள சக்கரத்தின் விளிம்பில் இருக்கும் மேடுபள்ளத்துக்கு ஏற்பத் தகடு ஆடிக்கொண்டே சுழலும். அசையாமல் நிற்கும் உளி அதில் சீரான பள்ளங்களை வெட்டிக்கொண்டு போகும். இயந்திரத்தைச் சுற்றுவதும் உளியின் அழுத்தத்தைப் பார்த்துக்கொள்வதும் மனிதக் கைதான். இந்த வேலைக்கு கில்லோஷே என்று பெயர். பள்ளத்தின் இரு சரிவுகளும் குட்டிக் கண்ணாடிகளாக ஒளியைத் திருப்புகின்றன. பள்ளம் ஆழமான இடத்தில் எனாமலும் தடிமனாக நிற்கும். ஒளி உள்ளே போகையிலும் வெளியே வருகையிலும் நிறத்தைக் கடக்க வேண்டியிருப்பதால் அங்கே நீலம் கூடுதலாக இருண்டு தெரியும். ஒரே நிறப்பொடியில் இத்தனை சாயல்கள் கிடைப்பது இப்படித்தான்.

இந்த எனாமல் பெயிண்ட் அல்ல, கண்ணாடி. கோபால்ட் கலந்தால் நீலம், தங்கம் கலந்தால் இளஞ்சிவப்பு. அதைப் பொடியாக்கி, கலங்கல் போகும்வரை நீரில் அலசி, ஈரமாகவே தகட்டில் பரப்பி, நன்றாகக் காயவைத்து உலையில் வைப்பார்கள். ஈரம் மிச்சமிருந்தால் நீராவி பொடியைத் தூக்கியெறிந்துவிடும். பொடி உருகி வழவழப்பாக 750 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். ஸ்டெர்லிங் வெள்ளியோ 800 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும். இந்தக் குறுகிய இடைவெளிக்குள், ஒவ்வொரு பூச்சுக்கும் ஒருமுறையாக, சில நிமிடங்கள் மட்டும் சுட்டு எடுக்க வேண்டும். உலைக்காரரின் கண்தான் கடிகாரம்.

உண்மையான தலைவலி ஆறும்போதுதான். 500 டிகிரியிலிருந்து அறைவெப்பத்துக்கு வருவதற்குள் 10 செ.மீ. வெள்ளி கிட்டத்தட்ட 0.9 மி.மீ. சுருங்கும். கண்ணாடி அவ்வளவு சுருங்காது. வெள்ளி அதைக் கொஞ்சம் நெருக்கிப் பிடித்தால் நல்லதுதான், கண்ணாடி நெருக்கத்தைத் தாங்கும். அளவு மீறினால் தகடு வளையும், எனாமல் செதிலாகப் பெயரும். அதனால்தான் வெள்ளியை ஒட்டிச் சுருங்கும்படி கண்ணாடியின் கலவையைத் தேர்ந்தெடுத்தார்கள்; பல தகடுகளின் கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்திலும் எனாமல் பூசி இழுவிசையைச் சமன் செய்தார்கள்.

கீழே விழுந்து எனாமல் தெறித்துவிட்டால் மறுபடி சுடுவது பெரிய பாடு. பிரஷ் மயிர், உள்ளே நிரப்பியது, முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ஆகவே பழுதுபார்ப்பவர்கள் பெரும்பாலும் நிறம் சேர்த்த ரெசினை (செயற்கைப் பிசினை) அடைத்துவிடுகிறார்கள். வாங்கும் முன் விரலால் தடவிப் பாருங்கள்: கண்ணாடியான எனாமல் சில்லென்று இருக்கும், ரெசினில் அந்தக் குளிர்ச்சி இருக்காது.