கான்ஃபிடன்ஸ் இன்டர்வல்: நம்பிக்கை இடைவெளியா, நம்பிக்கை ஆயிடையா?

எக்செல்ல ரிக்ரெஷன் ஓட்டினா, அதாவது டேட்டா புள்ளிகளுக்குப் பொருந்துற மாதிரி ஒரு நேர்கோடு போட்டா, ஒரு டேபிள் வரும்ல, அதுல அந்தக் கோட்டோட சாய்வு எவ்ளோன்னு ஒரு நம்பர் இருக்கும், அதே வரிசைல இன்னும் தள்ளிப் போனா லோயர் 95%, அப்பர் 95%னு ரெண்டு நம்பர் இருக்கும். நிறைய பேர் முதல் நம்பரை மட்டும் எடுத்து ரிப்போர்ட்ல போட்டுட்டு மிச்சத்தை விட்டுடுறாங்க. ஆனா அந்தச் சாய்வை எந்த அளவுக்கு எடுத்துக்கலாம்னு சொல்றதே அந்த ரெண்டு நம்பர்தான், அதுக்குப் பேருதான் கான்ஃபிடன்ஸ் இன்டர்வல்.

தமிழ்நாட்டுல இதை நம்பிக்கை இடைவெளின்னு எழுதுறாங்க. இன்டர்வலோட லத்தீன் மூலம் இன்டர்வாலம், ரெண்டு அரணுக்கு நடுவுல இருக்குற வெளின்னு அர்த்தம், அந்தக் கணக்குல இடைவெளி தப்பான சொல் இல்ல. ஆனா இன்னைக்கு இடைவெளின்னு சொன்னா நம்ம மனசுக்கு வர்றது காலி இடம், விட்டுப்போன கேப், இங்க விஷயமே தலைகீழ், உள்ள இருக்குறதுதான் சரக்கு. இலங்கைத் தமிழ்க் கணிதத்துல இன்டர்வலுக்கு ஆயிடைன்னு ஒரு சொல் புழங்குது. தொல்காப்பியப் பாயிரத்துல "வடவேங்கடம் தென்குமரி ஆயிடை"ன்னு வருதே, அதே ஆயிடைதான், வடக்கே ஒரு எல்லை, தெற்கே ஒரு எல்லை, நடுவுல இருக்குற நிலம் மொத்தமும் ஆயிடை. கீழ் எல்லை, மேல் எல்லைன்னு ரெண்டு நம்பரை வச்சுப் பேசுற விஷயத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

உண்மையில இழுபறி "நம்பிக்கை"லதான். இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் ஜெர்ஸி நெய்மன், போலந்துப் புள்ளியியலாளர், 1934ல லண்டன் ராயல் ஸ்டாடிஸ்டிகல் சொசைட்டில வாசிச்ச கட்டுரைல அறிமுகப்படுத்தி 1937ல முழுக் கோட்பாடா எழுதினார். 1934 கூட்டத்துலயே ஆர்தர் பௌலிங்குற இன்னொரு புள்ளியியலாளர் எந்திரிச்சு, இந்த கான்ஃபிடன்ஸ் ஒரு கான்ஃபிடன்ஸ் ட்ரிக்கா இருக்குமோன்னு சந்தேகப்பட்டார், அதாவது நம்ப வச்சு ஏமாத்துற வேலையோன்னு. நெய்மன் சொன்ன நம்பிக்கை நம்ம கைல இருக்குற ரெண்டு நம்பர் மேல வைக்குறது இல்ல, அதைக் கணக்குப் போட்ட முறை மேல வைக்குறது. அதே மாதிரி டேட்டாவைத் திரும்பத் திரும்ப எடுத்து ஒவ்வொரு தடவையும் இதே முறைல ஆயிடை போட்டுக்கிட்டே போனா, நீண்ட ஓட்டத்துல 100க்கு 95 ஆயிடை உண்மையான சாய்வை உள்ள வச்சிருக்கும், அவ்ளோதான் வாக்குறுதி. "உண்மையான சாய்வு இதுக்குள்ள இருக்க 95% வாய்ப்பு"ன்னு படிக்குறது தப்பு, ஏன்னா சாய்வு நிலையானது, ஒவ்வொரு தடவையும் மாறுறது ஆயிடைதான்.

சரி, கணக்கு எப்படின்னு பாத்துடலாம். புள்ளியியலாளர் ஃப்ராங்க் ஆன்ஸ்கோம் 1973ல கொடுத்த டேட்டா எல்லாருக்கும் கிடைக்குறது, அதை எடுத்துக்குவோம். 11 புள்ளி, சாய்வு 0.500. முதல்ல கோட்டுல இருந்து ஒவ்வொரு புள்ளியும் நேர் மேலயோ கீழயோ விலகுற தூரத்தை வர்க்கம் பண்ணிக் கூட்டினா சுமார் 13.76, அதை 9ஆல வகுத்து வர்க்கமூலம் எடுத்தா 1.237. ஏன் 11 இல்லாம 9னா சாய்வு, வெட்டுத்துண்டு (கோடு ஒய் அச்சை வெட்டுற இடம்)னு ரெண்டு விஷயத்தை இதே டேட்டால இருந்தே எடுத்துட்டோம், அதனால ரெண்டு கழியுது. எக்ஸ் மதிப்புகள் தன் சராசரில இருந்து விலகுற வர்க்கக் கூடுதல் 110, அதோட மூலம் 10.488, 1.237ஐ இதால வகுத்தா 0.118, இதுதான் சாய்வோட திட்டப்பிழை (ஸ்டாண்டர்ட் எரர்), இலங்கைல நியம வழு. டி டேபிள்ல 9க்கு நேரா 95% மதிப்பு 2.262, பெருக்கினா 0.267. 0.500ல இருந்து அதைக் கழிச்சா 0.233, கூட்டினா 0.767. இந்த ஆயிடைக்குள்ள 0 வரல, அதனால 5% மட்டத்துல சாய்வே இல்லன்னு சொல்ல முடியாது. சில பேர் பழக்கத்துல 2.262க்குப் பதிலா பெரிய சாம்பிளுக்கான 1.96ஐப் போட்டுடுறாங்க, அப்போ 0.269ல இருந்து 0.731னு சுருங்கிடும், 11 புள்ளிய வச்சுக்கிட்டு அவ்ளோ குறுகலா பேச நமக்கு உரிமை இல்ல. சின்ன சாம்பிளுக்காகவே டப்ளின் கின்னஸ் மதுஆலைல வேலை பாத்த வில்லியம் காசெட், ஸ்டூடண்ட்ங்குற புனைபேர்ல 1908ல போட்ட அடித்தளம் இந்த டி.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும். ஆன்ஸ்கோம் கொடுத்தது ஒரு டேட்டா இல்ல, நாலு. நாலுக்கும் சாய்வு கிட்டத்தட்ட ஒரே மதிப்பு, திட்டப்பிழையும் அப்படியே, அதனால ஆயிடையும் அதேதான். ஆனா வரைஞ்சு பாத்தா ஒண்ணு வளைகோடு, இன்னொண்ணுல ஒரே புள்ளி கோட்டை இழுத்து வச்சிருக்கு, நாலாவதுல அந்த ஒத்தப் புள்ளிய எடுத்துட்டா சாய்வுன்னே ஒண்ணு கிடையாது. மேல போட்ட கணக்கு நியாயமா பொருந்துறது முதல் டேட்டாக்கு மட்டும்தான், மத்த மூணுக்கும் அந்த 95%க்கு அர்த்தமே இல்ல.