பழைய அடியின் வலிக்கும் சட்டத்தில் இடம் உண்டு

உடைந்த கை சில மாதங்களில் கூடிவிடும். தலையில் திரும்பத் திரும்ப விழுந்த அடியும் கழுத்தை நெரித்த பிடியும் அப்படி விடுவதில்லை. ஆண்டுகள் கழித்தும் மறதியாக, தீராத தலைவலியாக வெளிப்படலாம். தூக்கமின்மை, திடீர்ப் பதற்றம், காரணம் பிடிபடாத வயிற்றுவலி ஆகியவையும் வீட்டுக்குள் நடந்த வன்முறையின் மிச்சமாக இருக்கக்கூடும். துணைவரின் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் தெரிவித்தது.

"முடிந்ததைக் கிளறாதே" என்று உறவினர்கள் சொல்வார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கும் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், மனநலத்துக்கு ஊறு செய்வதையும் வன்முறை என்றே வரையறுக்கிறது. மனைவி மட்டுமல்ல, தாயும் மகளும் சகோதரியும்கூட இதன்கீழ் மனுச் செய்யலாம். இப்போது பிரிந்து வாழ்ந்தாலும் தடையில்லை.

முதல் உரிமை சிகிச்சை. புகார் கொடுக்கவில்லை என்பதற்காக மருத்துவ உதவியை மறுக்கக்கூடாது என்கிறது இச்சட்டத்துக்கான விதிகளில் 17ஆம் விதி. பரிசோதனை அறிக்கையின் நகலை இலவசமாகத் தரவேண்டும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "படியில் தவறி விழுந்தேன்" என்று அச்சத்தில் சொன்னால், அதுவே ஏட்டில் ஏறி, பிறகு உங்களுக்கு எதிராக நிற்கும். அடித்தது யார், எப்போது என்பதை மருத்துவரிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். மனநல சிகிச்சைச் சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். ஆறிய காயத்துக்கு வேறு சாட்சி கிடைப்பது அரிது.

அடுத்தது பணம். பலர் ஜீவனாம்சம் கேட்பதோடு நின்றுவிடுகிறார்கள். அது போதாது. மருத்துவச் செலவையும் இழந்த வருமானத்தையும் 20ஆம் பிரிவின்கீழ் கேட்கலாம். அதற்கு மேல், காயத்துக்கும் மன வேதனைக்கும் 22ஆம் பிரிவின்கீழ் தனியே இழப்பீடு கோரலாம். இரண்டையும் ஒரே மனுவில் சேர்த்துவிடுங்கள்.

காலம் கடந்துவிட்டதே என்று தயங்குபவர்களுக்கு ஒரு செய்தி. ஓராண்டுக்குள் மனுச் செய்யவில்லை என்று ஒரு வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. இச்சட்டத்தின் 12ஆம் பிரிவின்கீழ் நிவாரணம் கேட்டு மனுச் செய்ய அந்தக் கெடு பொருந்தாது என்று கூறி உச்ச நீதிமன்றம் 2022இல் அதை மாற்றியது.

மனுவைக் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் நேரடியாகவோ, இச்சட்டத்தின்கீழ் அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலர் மூலமோ கொடுக்கலாம். தமிழ்நாட்டில் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரித்தால் அவரைச் சந்திக்க வழி சொல்வார்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் பெண்கள் உதவி எண்ணான 181ஐ அழையுங்கள். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச உதவி உண்டு. முதல் விசாரணையிலிருந்து 60 நாட்களுக்குள் முடிக்க நடுவர் முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் இழுபடுவதும் உண்டு. ஆகவே மருந்துச் செலவுக்கு 23ஆம் பிரிவின்கீழ் இடைக்கால உத்தரவை முதல் நாளே கேளுங்கள்.