வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்: சுமைப் பகிர்வுக் கொளுவி

பயண டிரெய்லரை, அதாவது உள்ளே தங்கிக்கொள்ளும் வசதியுள்ள இழுவண்டியை, இழுத்துச் செல்லும் வாகனத்தின் பின்புறத்தில் பொருத்தப்படும் ஒருவகை இணைப்புக் கருவிக்கு வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் என்று பெயர். சாதாரண இணைப்பில் டிரெய்லரின் முன்முனை ஓர் இரும்புக் குண்டின் மேல் அமர்ந்து இழுபடுவதோடு சரி. இந்தக் கருவியிலோ, குண்டைத் தாங்கும் தலைப்பகுதியிலிருந்து இரண்டு வில்தண்டுகள் பின்னோக்கி நீண்டு, டிரெய்லரின் முன்சட்டத்தில் சங்கிலியாலோ தாங்கியாலோ விறைப்பாகப் பிடிக்கப்பட்டிருக்கும். அந்த விறைப்புதான் சுமையை அச்சுகளுக்கிடையே பகிரும் வேலையைச் செய்கிறது.

ஹிட்ச் என்ற சொல் இடைக்கால ஆங்கிலத்தில் வெடுக்கென இழுப்பதையும் திடுமென நகர்வதையும் குறித்தது; அதற்கு முந்தைய மூலம் தெளிவாகப் புலப்படவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் மாலுமிகள் அதைக் கயிற்று முடிச்சுக்கு வழங்கினார்கள். இரண்டு கயிறுகளை ஒன்றோடொன்று பிணைக்கும் முடிச்சுக்கு வேறு பெயர் இருக்க, கயிற்றை ஒரு கம்பத்திலோ வளையத்திலோ மாட்டும் முடிச்சே ஹிட்ச் எனப்பட்டது. அதாவது, வேண்டும்போது மாட்டி, வேண்டாதபோது கழற்றிவிடக்கூடிய பிடிப்பு. வண்டி இணைப்புக்கு இந்தப் பொருளே வந்து சேர்ந்திருக்கிறது. எதிர்பாராத இடையூறு என்ற பொருளும் அதே சொல்லுக்கு உண்டு என்பதால், அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொள்பவர் இந்தக் கருவியை ‘எடைத் தடை’ என்று எழுதிவிடக்கூடும்.

தமிழில் கொக்கி, பிணைப்பு, பூட்டு ஆகியவை உடனே நினைவுக்கு வருகின்றன. கொக்கி என்றால் வளைந்த முனை கண்முன் நிற்கிறது. இங்கே அப்படிப்பட்ட வடிவம் இல்லை. பூட்டு என்பது வண்டி பூட்டுதல் என்ற வழக்கால் மிகவும் பொருந்தும் சொல்தான், ஆனால் பெயர்ச்சொல்லாக நின்றால் சாவி தேடச் சொல்கிறது. மாட்டுதல், கொளுவுதல் என்ற வினையிலிருந்து பிறக்கும் ‘கொளுவி’ என்பதை நான் தேர்ந்துகொள்கிறேன். மாட்டவும் கழற்றவும் இயன்ற பிடிப்பு என்ற மூலப்பொருளை அது குறைவின்றித் தருகிறது.

டிஸ்ட்ரிபியூஷன் என்பது இலத்தீனில் ‘பிரித்து ஒதுக்குதல்’ என்ற பொருளுடைய வினையிலிருந்து வந்தது. விநியோகம் என்று எழுதினால் பொருளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் செயல் நினைவுக்கு வருகிறது. பகு என்ற வேரிலிருந்து வரும் பகிர்வு, பங்கு ஆகியவையே இங்கே நெருக்கமானவை. எடை, சுமை ஆகிய இரண்டில் சுமையே சரி என்பேன். ஏனெனில் டிரெய்லரின் எடை இந்தக் கருவியால் ஒரு கிலோகூட மாறுவதில்லை, எந்த அச்சு எவ்வளவு சுமக்கிறது என்பதுதான் மாறுகிறது.

இதை ஒரு கணக்கில் பார்க்கலாம். இழுக்கும் வாகனத்தின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3 மீட்டர், பின் அச்சிலிருந்து குண்டுக்கு 1.5 மீட்டர், குண்டிலிருந்து டிரெய்லரின் அச்சுக்கு 6 மீட்டர், குண்டின் மேல் இறங்கும் பாரம் 320 கிலோ என்று கொள்வோம். பின் அச்சு நெம்புகோலின் தாங்குபுள்ளி போல நிற்பதால், முன் அச்சு 160 கிலோவை இழக்கிறது. பின் அச்சில் 480 கிலோ ஏறுகிறது. முன்சக்கரங்கள் இலேசாகி, திருப்புவதிலும் நிறுத்துவதிலும் பிடிப்புக் குறைகிறது. இப்போது வில்தண்டுகளை இறுக்கி, முன் அச்சு இழந்ததில் பாதியை, அதாவது 80 கிலோவை, மீட்கிறோம். அதே இறுக்கம் டிரெய்லரின் அச்சுக்கு 32 கிலோவை அனுப்புகிறது. பின் அச்சின் கூடுதல் சுமை 368 கிலோவாகக் குறைகிறது. கூட்டிக் கழித்தால் அதே 320 கிலோதான் வரும். பெயரில் பகிர்வு என்ற சொல் இருப்பதன் நியாயம் இதுவே.

ஆனாலும் ‘சமநிலை’ என்ற சொல்லின் மீது பலருக்கும் சாய்வு இருக்கிறது. அதற்கு ஆங்கிலமும் ஒரு காரணம்: இந்தக் கருவியைச் ‘சமப்படுத்தும் ஹிட்ச்’ என்று பொருள்படும் பெயராலும் அங்கே அழைப்பதுண்டு, வாகனத்தின் முன்னும் பின்னும் ஒரே அளவு தாழும்வரை இறுக்க வேண்டும் என்ற பழைய விதியும் இருந்தது. அந்த விதியின்படி முன் அச்சு தான் இழந்ததை மீட்பதோடு நில்லாமல், முதலில் இருந்ததைவிடவும் கூடுதலாகச் சுமக்க நேரிடும். அப்போது பின்சக்கரங்களின் பிடிப்பு ஒப்பளவில் குறைந்து, வளைவில் வாகனத்தின் வால் வெளியே வீசக்கூடும். எனவே சமன் என்ற சொல் அழகாக இருந்தாலும், கருவியைச் சரிசெய்பவரின் கையைத் தவறான பக்கம் திருப்பிவிடுகிறது.

சரிசெய்யும் முறையைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். சமதளத்தில், பயணத்துக்குரிய சாமான்களை ஏற்றிய வாகனத்தை டிரெய்லர் இல்லாமல் நிறுத்தி, முன்சக்கரத்துக்கு மேலுள்ள வளைவின் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளக்க வேண்டும். 90 சென்டிமீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிரெய்லரைக் குண்டில் இறக்கி, வில்தண்டுகளை மாட்டாமல் மறுபடி அளந்தால் 94 வருகிறது. வாகனக் கையேடு பாதி மீட்சியைச் சொல்லியிருந்தால் இலக்கு 92. முழு மீட்சியைச் சொல்லியிருந்தால் 90. எதுவானாலும் 90க்குக் கீழே போகக்கூடாது. இறுக்கம் போதாவிட்டால் சங்கிலியில் ஒரு கண்ணி மேலே ஏற்றி மாட்டலாம். அது பெரிய மாற்றம். நுணுக்கமாக வேண்டுமானால், பல கருவிகளில் தலைப்பகுதிக்குள் செருகும் வாஷர்களின் எண்ணிக்கையைக் கூட்டித் தலையைப் பின்னோக்கிச் சற்றுச் சாய்க்கலாம். மாட்டும்போது தண்டை வெறும் வலுவால் மல்லுக்கட்டித் தூக்கக் கூடாது. குண்டில் பூட்டிய பிறகு டிரெய்லரின் முன் ஜாக்கியால் இரண்டு வண்டிகளின் சந்திப்பையும் உயர்த்தினால், தண்டு இலேசாக ஏறிவிடும். விறைப்பாக இருக்கும் தண்டு கைநழுவினால் எலும்பை முறிக்கும் வலு அதற்கு உண்டு.

குண்டின் மேல் இறங்கும் பாரத்தை ஆங்கிலத்தில் நாக்கின் எடை என்கிறார்கள். நாக்கை அப்படியே பெயர்க்கத் தேவையில்லை. வண்டியின் முன் நீளும் தண்டுக்கு ஏர்க்கால் என்ற பெயர் நம்மிடம் இருக்கிறது. பாரம் முன்னே மிகுந்தால் முன்பாரம், பின்னே மிகுந்தால் பின்பாரம் என்று வண்டியோட்டிகள் சொல்வதும் இந்த இயக்கவியலைத்தான். ஏர்க்கால் பாரம் டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. அதற்குக் குறைந்து பின்பாரமானால், வேகத்தில் டிரெய்லர் பாம்பு போல நெளியத் தொடங்கும். அந்த நெளிவை அடக்கும் உறுப்பும் சில கருவிகளில் சேர்ந்தே வருகிறது. அதை ஆட்டத் தடுப்பி என்று தனியே குறிப்பதே முறை. சாமானைத் தவறாக அடுக்கியதால் வந்த பின்பாரத்தைச் சுமைப் பகிர்வுக் கொளுவியின் இறுக்கத்தைக் கூட்டிச் சரிக்கட்ட முடியாது; சாமானைத்தான் இடம் மாற்றி அடுக்க வேண்டும்.